ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைபவர்களுக்குச் சர்வரின் டி, இ டிரைவ்களை மறைப்பது எப்படி?

நீங்கள் மறைக்க வழி கேட்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது அநேகமாகத் தடுப்பது. இரண்டும் வேறு வேறு. விண்டோஸ் சர்வர் ஒன்று, அதில் டாலியும் எக்செலும், வீட்டிலிருந்து நுழையும் நாலைந்து பேர், டொமைன் (எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) கிடையாது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். திருப்பூரில் நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் வெளியே போய்விட்டது. யாருக்கு எவ்வளவு என்பது கட்டிங் மேஜை வரைக்கும் பேச்சு. முதலாளிக்குச் சந்தேகம் முழுக்க ஈரோட்டிலிருந்து வேலை பார்த்த கணக்காளர் அக்கா மேல். “மற்றவர்களுக்குத்தான் டி டிரைவே கிடையாதே தம்பி, எடுத்தாகிவிட்டதே” என்றார். எனக்கு முன்னால் அங்கே வேலை செய்தவர் குரூப் பாலிசியில், அதாவது பயனர்களுக்கு என்னென்ன தெரியலாம் என்று விண்டோஸில் விதி போடும் இடத்தில், டிரைவை மறைத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போயிருந்தார். கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு ஷட்டரைத் திறந்தே வைத்த மாதிரி.

மெர்ச்சன்டைசர் ஒருவரின் லாகின் கணக்கில் முதலாளி கண் முன்னாலேயே நுழைந்தேன். டிஸ் பிசியில் டி டிரைவ் இல்லை. நோட்பேடைத் திறந்து, ஓப்பன் கொடுத்து, பெயர் கேட்கும் கட்டத்தில் டி, கோலன், பேக்ஸ்லாஷ் அடித்து என்டர் தட்டினேன். டாலி, காஸ்டிங், சேலரி என்று ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. அலுவலகத்தில் கணக்கு வைத்திருந்த யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அக்காவிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். சந்தேகப்பட்டதைப் பத்துப் பேர் காதில் போட்டவருக்கு, அது தவறு என்று ஒருவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

‘மறைக்கும் பாலிசி போதாது, பக்கத்திலேயே தடுக்கும் பாலிசியும் இருக்கிறதே’ என்று சிலர் வருவார்கள். இருக்கிறது. அதைப் போட்டால் எக்ஸ்ப்ளோரரில் டிரைவ் திறக்காது. கமாண்ட் பிராம்ப்டும் மற்ற மென்பொருள்களும் அதை மதிக்காது. உண்மையான பூட்டு என்டிஎஃப்எஸ் அனுமதிகளில்தான், அதாவது எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்று டிரைவிலேயே பதிந்திருக்கும் அனுமதிகளில்தான், இருக்கிறது.

டி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போங்கள்; இ டிரைவுக்கும் இதேதான். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டையும் விட்டுவிட்டு, யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ், எவ்ரிஒன் எவை இருந்தாலும் நீக்குங்கள். சி டிரைவில் இதைச் செய்துவிடாதீர்கள். அவசரப்பட்டு யூசர்ஸ் குழுவுக்கு டினை (மறுப்பு) கொடுப்பவர்கள் உண்டு. சர்வரில் நுழையும் எல்லோருமே அந்தக் குழுவுக்குள் வந்துவிடுவதால் அட்மினிஸ்ட்ரேட்டரும் சேர்ந்து வெளியே நிற்பார். டினை வேண்டாம், நீக்கினாலே போதும்.

பிறகு கணக்குப் பிரிவுக்கு ஒரு குழு உருவாக்கி, டாலி டேட்டா இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் மாடிஃபை (படிக்க, மாற்ற, அழிக்க) அனுமதி கொடுத்து, டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வையுங்கள். டிரைவின் மேல்மட்டத்தில் அனுமதி இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் ஃபோல்டரை நேராகத் திறக்க விண்டோஸ் விடும். டாலி அந்தப் பயனர் பெயரிலேயே ஓடுவதால், கணக்கு எழுதுபவர் அந்த டேட்டாவை நகலெடுக்கவும் முடியும். அனுமதிகளை வைத்து அதைத் தடுக்க முடியாது. ‘லினக்ஸ் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை’ என்று கீழே எழுதப் போகிறவர்கள் முதலில் எங்கள் ஊர்க் கணக்காளர்களிடம் கேட்டுவிட்டு வரவும்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று பாருங்கள்: எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைகிறார்களா? ஏதோ ஒரு மென்பொருள் அடம்பிடித்தது என்று எல்லோரையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டுப் போன புண்ணியவான்கள் ஏராளம். அப்படியானால் மேலே எழுதியது எதுவும் பலிக்காது.

இதற்கு மேல் கண்ணுக்கும் தெரியக்கூடாது என்றால் மறைக்கும் பாலிசியையும் போடுங்கள். எம்எம்சி என்ற விண்டோஸ் நிர்வாகக் கருவியில் குரூப் பாலிசி எடிட்டரைச் சேர்க்கும்போது பிரவுஸ் அழுத்தி, யூசர்ஸ் தாவலில் நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கணக்கு தப்பிக்கும். அதில் வரும் பட்டியலில் இ டிரைவுக்குத் தனித் தேர்வு இல்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், யாருக்கு மறைக்க வேண்டுமோ அந்தப் பயனரின் நோடிரைவ்ஸ் மதிப்பாக எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். ஏ 1, பி 2, சி 4, டி 8, இ 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். டி, இ இரண்டுக்கும் 24.

ரிமோட் டெஸ்க்டாப்பில் டிரைவ் ரீடைரக்‌ஷனையும் கிளிப்போர்டு ரீடைரக்‌ஷனையும் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்களுடைய வீட்டுக் கணினியின் டிரைவ் சர்வருக்குள்ளேயே வந்து நிற்கும். கோப்பை அதில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் 20ஆம் தேதியை ஒட்டி இதில் கை வைக்காதீர்கள். ஆண்டு பராமரிப்புப் பணத்துக்கு மூன்று மாதம் அலையவிடுகிற அதே ஆட்கள், டாலி திறக்கவில்லை என்றால் இரவு பதினொரு மணிக்கும் கூப்பிடுவார்கள். ‘ஐந்து நிமிட வேலைதானே தம்பி’ என்பார்கள்.