நீல இன்ஹேலர் எத்தனை நாளில் தீர்கிறது?

கேள்வி: வயது 44, பள்ளி ஆசிரியை. பல வருடமாக ஆஸ்துமா. வாரத்தில் நாலைந்து நாள் நீல இன்ஹேலர் அடிப்பேன், உடனே சரியாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒன்று தீரும். எப்போதாவது விடியற்காலையில் இருமி எழுவேன். தினமும் எடுக்கச் சொன்ன இன்னொரு இன்ஹேலர் ஸ்டீராய்டு என்பதால் நிறுத்திவிட்டேன். மாடி ஏற முடியாததால் கீழ்த்தளத்து வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது பிரச்சினை இல்லை. ஆஸ்துமா கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது?

பதில்: இல்லை அம்மா. உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்தக் கீழ்த்தளத்து வகுப்புதான். ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் பலர் இப்படித்தான். மூச்சு எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவுக்குள் வாழப் பழகிவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்கள்.

கடந்த நான்கு வாரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இளைப்போ இருமலோ வந்ததா? ஒரு இரவாவது தூக்கம் கலைந்ததா? நீல இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? ஆஸ்துமாவால் ஏதாவது வேலையைக் குறைத்தீர்களா? நான்குக்கும் 'இல்லை' என்றால்தான் நல்ல கட்டுப்பாடு. மூன்றுக்கு 'ஆம்' வந்தாலே கட்டுப்பாடு இல்லை என்று பொருள். உங்களுக்கு நான்குமே 'ஆம்'.

நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால் மூச்சுக்குழாய்த் தசையின் இறுக்கத்தைச் சில மணி நேரம் தளர்த்தும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. 200 தடவை அடிக்கக்கூடிய இன்ஹேலர் வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால், திடீரென்று கடுமையாக இழுக்கும் ஆபத்து கூடுகிறது. உங்களுக்கு நான்கு தீர்கிறது. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறிகளே சால்பூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்கின்றன.

ஸ்டீராய்டு பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரில் குறைந்த அளவு என்பது நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதை விட்டுவிட்டு இளைப்பு முற்றினால் விழுங்க வேண்டிய ஸ்டீராய்டு மாத்திரை நாளைக்குச் சுமார் 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். அது உடம்பு முழுக்கச் சுற்றும். சர்க்கரையை ஏற்றுவதும் எலும்பைக் கரைப்பதும் பெரும்பாலும் அடிக்கடி எடுக்கும் அந்த மாத்திரைதான். இன்ஹேலருக்குப் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் தொண்டைக் கட்டும் குறையும்.

அடுத்த தடவை இரண்டு இன்ஹேலரையும் கையோடு எடுத்துப்போய், டாக்டர் முன்னால் அடித்துக் காட்டுங்கள். என் அறையில் பலர் அடிக்கும்போது வாயோரத்தில் வெள்ளைப் புகை வெளியே வரும். மருந்து உள்ளே போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. குலுக்கி, மூச்சை முழுதாக விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுத்துக்கொண்டே அமுக்கி, பத்து வினாடி அடக்க வேண்டும். கை ஒத்துவரவில்லையா, இன்ஹேலரோடு மாட்டிக்கொள்ளும் ஸ்பேசர் என்ற குழாயை வாங்கிக்கொள்ளுங்கள். (கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் வகைக்கு மட்டும் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும்.) அப்புறம், வலி மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ கண் அழுத்தச் சொட்டு மருந்தோ பயன்படுத்தினால் அதையும் சொல்லுங்கள். சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடுவதே அவைதான்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நீல இன்ஹேலர் அடித்தும் அடங்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.