சர்வர் கேஷ்: எதை, எப்போது, எப்படி அழிப்பது?

கடந்த சில வாரங்களாக வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையிலிருந்து பிறந்தவை: சர்வரில் இடம் நிறைகிறது, காரணம் கேஷ் என்று தோன்றுகிறது, அதை அழித்துவிடலாமா? மூலத்திலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய நகல்தான் கேஷ் என்பதால் அழிக்கலாம் என்பதே பொதுவான விடை. ஆனால் அதை மறுபடி உருவாக்கப்போவது எது, அந்த வேலை எவ்வளவு சுமையை யார் தலையில் ஏற்றும் என்பதைப் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. ‘ஃப்ரீ’ கட்டளையில் காலியிடம் 300 எம்பி என்றும், கேஷ் 11 ஜிபி என்றும் காட்டுகிறது. மணிக்கு ஒருமுறை ‘டிராப் கேஷஸ்’ கோப்பில் 3 என்று எழுதும்படி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) போட்டிருக்கிறேன். இது சரியா? மணிக்கு ஒருமுறை தளம் தடுமாறவும் செய்கிறது.

பதில்: தயவுசெய்து அந்தக் கிரான் வரியை நீக்கிவிடுங்கள். எந்த நிரலும் கேட்காத நினைவகத்தைச் சும்மா வைத்திருக்காமல், வட்டிலிருந்து படித்த கோப்புகளின் நகல்களை அதில் வைத்துக்கொள்வது லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இயல்பு; ஒரு நிரலுக்கு நினைவகம் தேவைப்பட்டவுடன் கெர்னல் தானாகவே அந்த நகல்களை விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ‘ஃப்ரீ’ என்ற பத்தியை அல்ல, கடைசியில் உள்ள ‘அவைலபிள்’ என்ற பத்தியை. அதில் சில ஜிபிக்கள் இருக்கும்வரை உங்கள் சர்வருக்கு நினைவகப் பஞ்சம் இல்லை.

1 என்று எழுதினால் கோப்பு உள்ளடக்கத்தின் நகல்களும், 2 என்று எழுதினால் கோப்புறைப் பெயர்கள், ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைத்திருக்கும் பதிவுகள்) பற்றிய குறிப்புகளும், 3 என்று எழுதினால் இரண்டும் கைவிடப்படுகின்றன. வட்டில் இன்னும் எழுதப்படாத பக்கங்களை இது தொடாது என்பதால் தரவு இழப்பு நேராது. ஆனால் அடுத்த நிமிடமே டேட்டாபேஸும் வெப் சர்வரும் எல்லாவற்றையும் வட்டிலிருந்து புதிதாகப் படிக்கத் தொடங்கும். மணிக்கு ஒருமுறை தளம் தடுமாறுவதாக நீங்கள் எழுதியிருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வட்டின் வேகத்தைச் சோதிக்கும்போது இந்த வசதி மிகவும் பயன்படும். அன்றாடப் பராமரிப்பில் இதற்கு வேலையில்லை.

கேள்வி: வட்டு நிறைந்துவிட்டதால் 20 ஜிபி அளவுள்ள பழைய கேஷ் கோப்புகளை அழித்தேன். ஆனாலும் வட்டின் இடக் கணக்கைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை இன்னும் 100 சதவீதம் என்றே காட்டுகிறது.

பதில்: நீங்கள் அழித்தது கோப்பின் பெயரை மட்டுமே. ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கும்வரை அதன் இடம் விடுபடாது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ குறைவாகவும் ‘டிஎஃப்’ நிறைவாகவும் காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையுடன் கூட்டல் குறி, எல், 1 ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், பெயர் அழிந்தும் திறந்திருக்கும் கோப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரல்களும் தெரியும். அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தவுடன் இடம் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போதே ‘இடம் இல்லை’ என்ற பிழை வருகிறது. எங்கள் செயலி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிறிய கேஷ் கோப்பை உருவாக்குகிறது.

பதில்: தீர்ந்துபோனது இடமல்ல, ஐநோடுகள். ‘டிஎஃப்’ கட்டளையுடன் ஹைஃபன், ஐ சேர்த்துப் பாருங்கள். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை உருவாக்கப்படும்போதே, இயல்பாக 16 கேபிக்கு ஒன்று வீதம், ஐநோடுகளின் எண்ணிக்கை தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கணக்கில் 100 ஜிபி வட்டுக்குச் சுமார் 65 லட்சம் கிடைக்கும். ஒரு கேபி அளவுள்ள கோப்புகளாகவே குவிந்தால், அவற்றின் உள்ளடக்கம் மொத்தம் ஆறேழு ஜிபி சேர்வதற்குள் அத்தனையும் தீர்ந்துவிடும்.

அழிக்கும்போது ‘ஆர்எம்’ கட்டளைக்கு நட்சத்திரக் குறி கொடுத்தால், பெயர்ப் பட்டியல் அளவு மீறிப்போய்க் கட்டளையே நின்றுவிடக்கூடும். ‘ஃபைண்ட்’ கட்டளையில் வயது வரம்பு கொடுத்து, அதன் ‘டெலீட்’ வசதியால் அழிப்பதே நல்லது. முதலில் ‘டெலீட்’ இல்லாமல் ஒருமுறை ஓட்டி, வரும் பட்டியலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இத்தகைய சிறு துண்டுகளை ரெடிஸ் போன்ற நினைவகக் கேஷுக்கு மாற்றினால் இந்தச் சிக்கல் திரும்ப வராது.

கேள்வி: ரெடிஸ் நிரம்பி, செயலி பிழை காட்டுகிறது. எல்லாவற்றையும் அழிக்கும் ‘ஃப்ளஷ்ஆல்’ கட்டளையைக் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. பத்து நாட்களில் மறுபடியும் அதே நிலை. நிரந்தரத் தீர்வு என்ன?

பதில்: இந்தக் கட்டளையின் விலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இணைய விற்பனைத் தளத்தில் ஒரு பொருளின் விலை பழையதாகவே தெரிகிறது என்பதற்காக, வேலை நாளின் காலை 11 மணிக்கு ‘ஃப்ளஷ்ஆல்’ கொடுத்தேன். லாகின் செஷன்களும் (யார் உள்நுழைந்திருக்கிறார் என்ற பதிவுகளும்) அதே ரெடிஸில் இருந்ததால், உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் வெளியேற்றப்பட்டார்கள். எல்லாப் பக்கங்களும் ஒரே சமயத்தில் டேட்டாபேஸைத் தேடி ஓடின. அங்கே மைஎஸ்கியூஎல் இணைப்பு வரம்பு இயல்பான 151 என்ற அளவிலேயே விடப்பட்டிருந்ததால், அதுவும் கதவை மூடிக்கொண்டது. அழிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு சாவியை (ரெடிஸில் ஒரு தரவுத் துண்டு சேமிக்கப்படும் பெயர்). அதை மட்டும் அழித்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

உங்கள் சிக்கலின் வேர் இரண்டு அமைப்புகளில் இருக்கிறது. 64 பிட் ரெடிஸுக்கு, ‘மேக்ஸ்மெமரி’யை நாமாகக் குறிப்பிடாவிட்டால், நினைவக வரம்பே கிடையாது. வரம்பைக் கொடுத்த பிறகும், வெளியேற்றும் கொள்கை இயல்பாக ‘நோஎவிக்‌ஷன்’ என்றே இருக்கும். அதாவது, நிரம்பியவுடன் பழையதை விடாமல், புதிதாக எழுத வருபவருக்குப் பிழையைத் திருப்பி அனுப்பும். வெறும் கேஷாக மட்டும் பயன்படும் ரெடிஸில் ‘ஆல்கீஸ்-எல்ஆர்யூ’ என்ற கொள்கையை வைத்தால், நெடுநேரம் தொடப்படாத சாவிகள் முதலில் வெளியேறும். நீங்கள் எதையும் அழிக்க வேண்டியிருக்காது.

செஷன்களைத் தனி ரெடிஸ் நிகழ்வில் (தனியாக ஓடும் இன்னொரு ரெடிஸில்) வையுங்கள். ஒரே நிகழ்வுக்குள் எண் கொடுத்துப் பிரித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நினைவக வரம்பும் வெளியேற்றும் கொள்கையும் முழு நிகழ்வுக்கும் பொதுவானவை என்பதால், கேஷின் நெருக்கடியில் செஷன்களும் வெளியேறிவிடும்.

குறிப்பிட்ட சாவிகளை அழிக்க வேண்டியிருந்தால், ‘கீஸ்’ கட்டளையை உற்பத்திச் சூழலில் (பயனர்கள் பயன்படுத்தும் சர்வரில்) தொடாதீர்கள். ரெடிஸ் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேற்றுவதால், லட்சக்கணக்கான சாவிகளை அது தேடி முடிக்கும்வரை மற்ற எல்லோரும் காத்திருக்க நேரும். ‘ஸ்கேன்’ கட்டளையால் சிறுசிறு தொகுதிகளாகத் தேடி, ‘அன்லிங்க்’ கட்டளையால் அழித்துவிடுங்கள். ரெடிஸ் 4.0 பதிப்பில் வந்த இந்தக் கட்டளை, நினைவகத்தை விடுவிக்கும் வேலையைப் பின்னணி இழைக்குத் தள்ளிவிடுகிறது. மேலும், ஒரே நேரத்தில் உருவான ஆயிரம் சாவிகளுக்கும் சரியாக 3600 நொடி ஆயுள் கொடுத்தால் அவை ஒரே நொடியில் காலாவதியாகி, நான் மேலே சொன்ன விபத்தைச் சிறிய அளவில் மணிக்கொருமுறை நடத்திக் காட்டும். ஒவ்வொன்றின் ஆயுளிலும் சில நூறு நொடிகளைத் தற்செயலாகக் கூட்டிக் குறைத்துக் கொடுங்கள்.

கேள்வி: என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் ப்ராக்ஸி கேஷில் (பின்னாலுள்ள செயலி தந்த பதில்களின் நகல்கள்) ஆயுளை 5 நிமிடம் என்று வைத்தும் கோப்புகள் அழியவில்லை.

பதில்: நீங்கள் கொடுத்தது ஒரு நகல் எவ்வளவு நேரம் புதியதாகக் கருதப்படும் என்பதை மட்டுமே. வட்டிலிருந்து நீக்குவதை ‘இன்ஆக்டிவ்’ என்ற வேறொரு அமைப்பு தீர்மானிக்கிறது: அவ்வளவு நேரம் யாரும் கேட்காத கோப்பு, புதியதோ பழையதோ, நீக்கப்படும். இயல்பான அளவு 10 நிமிடம். அதோடு ‘மேக்ஸ் சைஸ்’ வரம்பையும் கட்டாயம் கொடுங்கள்.

கேள்வி: அவசரத்தில் எந்தக் கோப்புறைகளைப் பயமின்றி அழிக்கலாம்?

பதில்: ‘வார்’ கோப்புறைக்குள் உள்ள ‘கேஷ்’ என்பது, லினக்ஸ் கோப்பு முறைமைத் தரநிலையின்படியே, அழித்தாலும் நிரல்கள் மறுபடி உருவாக்கிக்கொள்ளும் தரவுக்கான இடம். உபுண்டு, டெபியன் சர்வர்களில் ‘ஆப்ட் கிளீன்’ என்ற கட்டளை அங்கே சேர்ந்த நிறுவல் தொகுப்புகளை முறையாக நீக்கிவிடும். அதற்கு அருகிலேயே உள்ள ‘லிப்’ கோப்புறை முற்றிலும் வேறு. மைஎஸ்கியூஎல்லின் உண்மையான தரவு அங்கேதான் இருக்கிறது. செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் உள்ள சர்வரில் ‘பில்டர் ப்ரூன்’ மூலம் கட்டுமானக் கேஷை நீக்குங்கள். ‘சிஸ்டம் ப்ரூன்’ கட்டளையுடன் ‘வால்யூம்ஸ்’ என்பதைச் சேர்த்தால், அப்போது எந்தக் கண்டெய்னரும் பயன்படுத்தாத, பெயரிடப்படாத வால்யூம்களும் (கண்டெய்னரின் தரவு சேமிக்கப்படும் இடங்கள்; 23.0க்கு முந்தைய பதிப்புகளில் பெயரிட்டவையும்) அவற்றிலுள்ள தரவும் போய்விடக்கூடும். நிறுத்திவைத்திருக்கும் டேட்டாபேஸ் கண்டெய்னரையும் அந்தக் கட்டளை முதலில் நீக்கிவிடும் என்பதால், அதன் வால்யூமுக்கும் இந்த ஆபத்து உண்டு.