முதலில் ஆப்ப சோடாவை நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறேன். ஜீப்பில் நெருக்கியடித்து உட்காரும்போது என் வியர்வை நாற்றம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியுமோ என்று கூச்சமாக இருக்கிறது. கடை சென்ட் அடித்தால் தும்மல் வருகிறது. அலுமினியம் சேர்ந்தது புற்றுநோய் வரவைக்கும் என்றும் பயமுறுத்தினார்கள். அதனால் தேங்காய் எண்ணெய், கூவை மாவு, ஆப்ப சோடா மூன்றையும் சம அளவில் குழைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு நானே செய்து தடவினேன். முதல் வாரம் நாற்றமே இல்லை. மூன்றாவது வாரம் எரிச்சல். இப்போது அக்குள் கறுத்து, தோல் உரிகிறது. எல்லாமே அடுப்படிப் பொருள்தானே டாக்டர், ஏன் இப்படி ஆனது?

பதில்: ஆப்ப சோடாவை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் அம்மா. எலுமிச்சையையும்தான். மற்றதை அப்புறம் பேசலாம்.

நம் தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத்தன்மை உடையது. புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 5; 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். அந்தப் புளிப்புதான் தோலுக்குக் காவல். ஆப்ப சோடா தண்ணீரில் கரைந்தால் 8-க்கு மேல் போகும், அது காரம். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கும் கடும் புளிப்பு. இரண்டையும் கலந்தபோது நுரைத்திருக்குமே, அப்போதே ஒன்றை ஒன்று முறித்துவிட்டன. நீங்கள் போட்ட அளவுக்கு மிஞ்சி நின்றது சோடாதான். அது எண்ணெயில் கரையாது. அந்தக் குழைவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். செடிக்குச் செடி குனிந்து, கையை நீட்டி நீட்டிக் காய் எடுக்கும்போது அந்தத் துகள் நாளெல்லாம் அக்குள் மடிப்பில் உரசியிருக்கிறது. வியர்வை பட்டதும் கரைந்து எரித்திருக்கிறது. முதல் வாரம் தோல் பொறுத்தது, மூன்றாவது வாரம் முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அக்குளில் உள்ள அந்தக் கறுப்பு, அழுக்கு இல்லை. புண்பட்ட தோல் ஆறும்போது விட்டுப்போகும் நிறம் அது. பீர்க்கங்காய் நார், கல் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். இரண்டு வாரம் தண்ணீரும் மென்மையான சோப்பும் மட்டும் போதும். ஈரம் போக ஒற்றியெடுத்து, வாசலின் லேசாகத் தடவுங்கள். தோல் ஆறும்வரை முடி மழிக்க வேண்டாம். நிறம் பழையபடி வர சில மாதம் ஆகும், பதறாதீர்கள். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துத் தரும் கூட்டுக் களிம்புகளை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. மடிப்புத் தோலை மெலிய வைத்துவிடும். நம் ஊர்ப்பக்கம் படர்தாமரை ஆறாமல் ஊர் ஊராகப் பரவுவதற்கும் அந்தக் களிம்புகள் ஒரு காரணம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, நாற்றம் எங்கிருந்து வருகிறது? வியர்வைக்குத் தானாக நாற்றம் கிடையாது. உடம்பெங்கும் வெயிலுக்கு வழிவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். அக்குளில் வேறொரு வகைச் சுரப்பியும் உண்டு. வயதுக்கு வந்தபிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். அதன் கொழுப்பும் புரதமும் கலந்த சுரப்பைத் தோலில் வாழும் கிருமிகள் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. எல்லார் அக்குளிலும் அந்தக் கிருமிகள் உண்டு. ஜீப்பில் உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கும்தான். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தோல் முழுக்க ஆறியபிறகு, நீங்களே செய்துகொள்ள ஆசைப்பட்டால் சோடா இல்லாமல் செய்யலாம். கூவை மாவு நல்ல தேர்வு. கேரளத்தில் கூவப்பொடி என்பார்கள், திருவாதிரைக்குக் காய்ச்சிக் குடிப்பார்களே, அதேதான். ஈரத்தை உறிஞ்சும், உரசலைக் குறைக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும், அதனால் கம்பம் வெயிலில் குழைவு நிற்காது. கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்தால் நிற்கும். நான்கு ஸ்பூன் எண்ணெய், ஒரு ஸ்பூன் துருவிய மெழுகு. கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, இறக்கி, மூன்று ஸ்பூன் கூவை மாவைக் கட்டியில்லாமல் கலந்து சின்ன டப்பாவில் ஊற்றுங்கள். வாசனைத் தைலம் வேண்டாம், உங்களுக்குத்தான் தும்மல் வருகிறதே. டப்பாவில் ஈரக்கை படக்கூடாது. முதலில் முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் அக்குளுக்குப் போகலாம். இது வியர்வையை நிறுத்தாது. பிசுபிசுப்பைக் குறைக்கும், வாடையைக் கொஞ்சம் தள்ளிப்போடும்.

அலுமினியம் பற்றிக் கேட்டீர்கள். வியர்வையை அடைக்கும் கடைப் பொருள்களில் அலுமினிய உப்பு இருப்பது உண்மை. மார்பகப் புற்றுநோய்க்கும் அதற்கும் உறுதியான தொடர்பு இதுவரை காட்டப்படவில்லை. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும். இயற்கை என்று பலர் தடவும் படிகாரமும் அலுமினிய உப்புதான்.

இன்னொன்று, உங்கள் சட்டை. சேலைக்கு மேல் போடும் ஆண்கள் சட்டை பாலியெஸ்டராக இருந்தால் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துவைத்த சட்டைகூட உடம்பு சூடு பட்டதும் நாறுவது அதனால்தான். பருத்திக்கு மாறுங்கள். உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் துவைத்து வெயிலில் காய வையுங்கள், அரைகுறையாகக் காய்ந்ததைப் போடாதீர்கள். தோட்டத்தில் மருந்து அடித்த நாளில் போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். மருந்து பட்ட துணியும் இதே எரிச்சலைத் தரும், அது தோலுக்குள்ளும் இறங்கும்.

இரண்டு வாரத்தில் எரிச்சல் அடங்காவிட்டால், நீர் வடிந்தால், கட்டி கட்டியாக வந்தால், அல்லது ஓரம் செதில் விட்டு வட்டமாகப் பரவினால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்துப் பின்புறமும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது சோடா வேலை இல்லை. சர்க்கரை பரிசோதனை செய்யுங்கள். ராத்திரியில் துணி நனைய வியர்த்து எடையும் குறைந்தால் நாள் கடத்தவே வேண்டாம். போகும்போது நீங்கள் செய்த அந்த டப்பாவையும், தோட்டத்தில் அடித்த மருந்தின் பெயரை எழுதிய சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.