கூழாங்கல்லும் திருநாமங்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். அல்லாஹ்வின் 99 அழகிய திருநாமங்களான அஸ்மாவுல் ஹுஸ்னாவைச் சிறுவயதிலிருந்து ஓதிவருகிறேன். இப்போது அறிவியலோடும் தத்துவத்தோடும் சேர்த்துப் படிக்க ஆசை. எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: ஒரே ஒரு பெயரில் தொடங்குங்கள், மகளே. ஒரு வருடத்தில் 99-ஐயும் முடிக்கும் திட்டமெல்லாம் வேண்டாம்.

காயல்பட்டினத்தில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த பெரியம்மாவின் வீட்டுக் கூடத்தில் நான் எட்டு வயதிலேயே 99 பெயர்களையும் ராகத்தோடு சொல்வேன். பொருள் ஒன்றுகூடத் தெரியாது. அதை இன்று ஒரு குறையாக நினைக்கவில்லை. நாக்கில் பதிந்திருந்ததால்தான் பிற்காலத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க முடிந்தது.

புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் உள்ள ஹதீஸ் (நபிமொழி) உங்களுக்குத் தெரிந்திருக்கும்: அல்லாஹ்வுக்கு 99 பெயர்கள், நூற்றுக்கு ஒன்று குறைவு, அவற்றை ‘அஹ்ஸா’ செய்தவர், அதாவது எண்ணியவர், சொர்க்கம் புகுவார். அந்த வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘ஹஸா’ என்றால் சிறு கற்கள். கூழாங்கல்லை வைத்து எண்ணிய பழக்கத்தோடு இந்தச் சொல்லை அரபு அகராதிகள் சேர்த்துச் சொல்கின்றன. இன்றைய அரபியில் புள்ளியியலுக்கும் ‘இஹ்ஸா’ என்றுதான் பெயர். ஒரு கல்லைக் கையில் எடுத்து, உருட்டிப் பார்த்து, வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும்.

எனக்கு அப்படிக் கைக்கு வந்தவை குர்ஆனின் ஹஷ்ர் அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று பெயர்கள்: அல்காலிக், அல்பாரி, அல்முஸவ்விர். மூன்றுக்கும் படைப்பவன் என்றே பொருள் சொல்லிவிட்டுப் போவார்கள். இஸ்லாமிய இறையியல் அறிஞர் இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) அப்படி விடவில்லை. ஒரு வீடு எழும்ப முதலில் மரம் எவ்வளவு, செங்கல் எவ்வளவு, இடம் எவ்வளவு என்று அளந்து திட்டமிடுபவர் வேண்டும். அப்புறம் கட்டுபவர். அப்புறம் அதற்கு அழகும் தோற்றமும் தருபவர். மனிதர்களில் இவர்கள் மூன்று பேர், இறைவனிடத்தில் மூன்றும் ஒன்று என்று விளக்குகிறார்.

நான் 31 வருடம் விலங்கியல் நடத்தியவள். கோழிக் கருவின் 24, 48, 72 மணி நேர வில்லைகளை (ஸ்லைடுகளை) எத்தனை வகுப்புக்குக் காட்டியிருப்பேன்! கஸ்ஸாலியைப் படித்த வருடம் 72 மணி நேர வில்லையை நுண்நோக்கியில் வைத்தபோது, முன்பு கேட்காத ஒரு கேள்வி எனக்குள் வந்தது. இதில் அளவு எங்கே, ஆக்கம் எங்கே, வடிவம் எங்கே? எந்தச் செல் எத்தனை முறை பிரிய வேண்டும் என்பது ஒரு விஷயம், பிரிவது இன்னொன்று, பிரிந்தவை மடிந்து இதயமாக வளைவது வேறொன்று. அன்று அந்த வில்லையின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கருவியல் பாடப்புத்தகத்துக்கு அந்த மூன்று பெயர்களும் தேவையில்லை, அந்தப் பெயர்கள் உண்மை என்பதற்குக் கோழிக் கருவின் சாட்சியும் தேவையில்லை. ஆனால் என்னை நின்று பார்க்க வைத்தவை அந்தப் பெயர்கள்தான்.

உங்களுக்கு ஒரு தொடக்கம் சொல்கிறேன். 1979-ல் ஸ்டாக்ஹோமில் நோபல் விருந்தின்போது பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் ஸலாம், குர்ஆனின் அல்முல்க் அத்தியாயத்தின் 3, 4-ஆம் வசனங்களை எடுத்துச் சொன்னார். ‘ரஹ்மானின் படைப்பில் எந்தக் குறைபாட்டையும் நீ காணமாட்டாய், மீண்டும் பார், ஏதாவது பிளவு தெரிகிறதா?’ படைப்பின் சீர்மையைச் சொல்லும் இந்த இடத்தில் காலிக் என்று வரவில்லை, ஞானமிக்கவன் என்ற ஹகீமும் வரவில்லை. அளவற்ற அருளாளன் என்று நாம் தமிழாக்கும் ரஹ்மான் வருகிறது. கருப்பையைக் குறிக்கும் ‘ரஹிம்’ பிறந்த அதே வேர். சமன்பாடு பொருந்தி வருவதற்கும் அருளுக்கும் என்ன உறவு? ஆறு மாதம் இந்த ஒரு கேள்வியோடு இருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் இயற்கை விதிகளே நடத்துகின்றன என்றால், அனைத்தையும் நிலைநிறுத்துபவன் என்ற ‘அல்கய்யூம்’ என்ற பெயருக்கு என்ன வேலை இருக்கிறது?
– மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: பஞ்சில் நெருப்பு பட்டால் பஞ்சு எரிகிறது. நாம் காண்பது ‘பட்டபோது எரிந்தது’ என்பதைத்தான், ‘பட்டதால் எரிந்தது’ என்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை என்றார் கஸ்ஸாலி. அவர் மறைந்து 15 வருடம் கழித்துப் பிறந்த தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து, காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்று பதில் எழுதினார். ஆய்வுக்கூடத்தில் நான் இப்னு ருஷ்தின் பக்கம். மாணவர் செய்த சோதனை தவறிப்போனால் ‘இறைநாட்டம்’ என்று குறிப்பேட்டில் எழுத நான் விட்டதில்லை. ஆனால் விதி என்பது நடப்பதன் ஒழுங்கைச் சொல்லும் வாக்கியம். அந்த ஒழுங்கு ஏன் இருக்கிறது, அடுத்த நொடியும் ஏன் இருக்கும் என்று அந்த வாக்கியம் சொல்லாது. கஸ்ஸாலியின் கேள்வி அங்கே உயிரோடுதான் இருக்கிறது.

துருக்கியின் மார்க்க அறிஞர் சயீத் நூர்சி (மறைவு 1960) இதற்கு இலக்கணத்திலிருந்து ஒரு வழி காட்டினார். அரபியில் ‘இஸ்ம்’ தன்னளவில் பொருள் தரும், ‘ஹர்ஃப்’ வேறொன்றைச் சார்ந்தே பொருள் தரும். நம் இலக்கணத்தில் பெயர்ச்சொல்லும் இடைச்சொல்லும் மாதிரி. ‘உம்’ என்பதைத் தனியாக எடுத்தால் ஒன்றுமில்லை, ‘அவனும்’ என்னும்போது அது பேசுகிறது. ஒரு நட்சத்திரத்தைப் பெயர்ச்சொல்லாகவும் படிக்கலாம், அதன் நிறை, வெப்பம், வயது என்று. அதே நட்சத்திரத்தை இடைச்சொல்லாகவும் படிக்கலாம், தன்னைத் தாண்டி ஒன்றைச் சுட்டுவதாக. ஒரு படிப்பு இன்னொன்றைத் தள்ளிவிடாது. அல்கய்யூமை விதிகளுக்கு நடுவே உள்ள ஓட்டைகளில் தேடினால் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் நம்மைப் பயமுறுத்தும். ஓட்டையே இல்லாத விதியும் அவனைச் சார்ந்து நிற்கும் இடைச்சொல்தான் என்று நான் நம்புகிறேன்.

நூர்சி 1935-ல் எஸ்கிஷெஹிர் சிறையில் இருந்தபோது ஆறு திருநாமங்களுக்கு விளக்கம் எழுதினார். அதில் தூய்மையானவன் என்ற ‘அல்குத்தூஸ்’ பற்றிய பகுதியில், ஈ தன் சிறகைத் துடைப்பதையும் இமை கண்ணைக் கழுவுவதையும் கணக்கில் எடுக்கிறார். அதைப் படித்ததிலிருந்து ஈ வந்து உட்கார்ந்தால் உடனே விரட்ட எனக்குக் கை வருவதில்லை.

கேள்வி: எந்தத் திருநாமம் எந்த உறுப்பைக் குணப்படுத்தும் என்று விஞ்ஞானிகள் நிரூபித்த பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. உள்ளங்கை ரேகையில் 81-ம் 18-ம் இருப்பதாகவும், கூட்டினால் 99 வருவதாகவும் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: பட்டியலை அழித்துவிடுங்கள். அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் அனுப்பியவருக்கும் சேரும்.

ரேகை விஷயத்தை என் உம்மாவும் எனக்கு அன்போடு சொல்லிக்கொடுத்தார். அரபு எண்களில் பார்த்தால் அப்படித் தோன்றுவது உண்மைதான். அந்த மடிப்புகள் கருவிலேயே, ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் உருவாகிவிடுகின்றன. சிலருக்கு உள்ளங்கையின் குறுக்கே ஒரே மடிப்புதான் இருக்கும். என் வகுப்பில் அப்படி ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தோழிகள் சொன்னதைக் கேட்டு என்னிடம் வந்து, “டீச்சர், என் கையில் மட்டும் அல்லாஹ் எழுதலையா?” என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அன்றிலிருந்து அந்தக் கணக்கை நான் எந்தக் குழந்தைக்கும் சொன்னதில்லை.

கேள்வி: செவிலியாக இருக்கிறேன். ‘யா ஷாஃபி’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஊசி போடுகிறேன். குணமளிப்பவன் அவன் என்றால் ஊசியை நம்புவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) குறையா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இல்லவே இல்லை. நாம் ஓதும் 99-இன் பட்டியல் திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் வருவது. அறிவிப்பாளர் தொகுத்துச் சேர்த்தது அது என்று ஹதீஸ் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதில் ‘அஷ்ஷாஃபி’ இல்லை. நோயாளியின் பக்கத்தில் நின்று நபிகள் நாயகம் கேட்ட துஆவில் (பிரார்த்தனையில்) இருக்கிறது: ‘மனிதர்களின் இறைவனே, துன்பத்தைப் போக்கு, குணப்படுத்து, நீயே ஷாஃபி.’ கட்டிலருகே நமக்குக் கிடைத்த பெயர் அது. மருந்து செய்துகொள்ளுங்கள் என்று சொன்னவரும் அவர்தான்.

டமாஸ்கஸில் படித்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நஃபீஸை (மறைவு 1288) நினைத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் நாங்கள் பின்பற்றும் அதே ஷாஃபிஈ மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவின்) சட்டங்களைப் பாடம் நடத்தியவர், மருத்துவர். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்று ஆயிரம் வருடம் நம்பப்பட்டதை அவர் ஏற்கவில்லை. அந்தச் சுவரில் துளை இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் போகிறது என்று எழுதினார். கடைசியில் வீட்டையும் நூல்களையும் மருத்துவமனைக்கே விட்டுப்போனார்.

நீங்கள் ஊசியின் அளவை இரண்டு தடவை சரிபார்க்கும் அந்த நேரத்திலும் மனதுக்குள் அதே பெயரைச் சொல்லுங்கள். இரவு வார்டில் வலியில் இருப்பவர்கள் இறைவனை எந்தெந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்களேன். எல்லா மதத்தாரும் கூப்பிடுவதை எழுதுங்கள். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.