கரியமில வாயுவைப் பிடிக்கும் படிகங்கள்: கேட்டதும் சொன்னதும்

எங்கள் பெங்களூர்த் தமிழ் நண்பர் குழுவில் மாதம் ஒருவரைப் பிடித்து அவருடைய தொழிலைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். இந்த மாதம் நான். நுண்துளைப் படிகங்களுக்குள் வாயுவைச் செலுத்தி, எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (அல்சூர்): 2025 வேதியியல் நோபல் ஏதோ ஓட்டைப் படிகத்துக்குக் கொடுத்தார்களாமே, அது என்னம்மா?

உலோக-கரிமக் கட்டமைப்பு ஐயா. லேபில் சுருக்கமாக மாஃப் என்போம். உலோக அயனிகள் மூலைகளில் நிற்கும், கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும், நடுவில் காலியிடம். 1989-ல் ரிச்சர்ட் ராப்சன் செப்பு அயனிகளை வைத்து இப்படி ஒரு கட்டுமானத்தைக் காட்டினார். சுசுமு கிடகாவா 1997-ல் வாயு உள்ளே போய் வெளியே வந்தாலும் கட்டுமானம் இடியாது என்று நிரூபித்தார். ஓமர் யாகி 1999-ல் மாஃப்-5 செய்தார். அதன் ஒரு கிராம் பொடியில் உள்பரப்பு சுமார் 3,000 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 13 கிரவுண்டு, ஒரு சிட்டிகைப் பொடிக்குள்! வாயு ஒட்டுவது அந்தப் பரப்பில்தான்.

கேள்வி (ஜாலஹள்ளி): மின் நிலையப் புகையில் நைட்ரஜன்தானே அதிகம்? அதை விட்டுவிட்டுக் கரியமில வாயுவை மட்டும் எப்படிப் பிடிக்கிறது?

நல்ல கேள்வி. சல்லடை போலப் பெரியதை நிறுத்திச் சிறியதை விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கரியமில வாயுவின் அளவு 3.3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), நைட்ரஜன் 3.64. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம்பித் துளை செய்வது லேசான காரியமில்லை. பெரும்பாலும் மின்னூட்டம்தான் வேலை செய்கிறது. கரியமில வாயுவின் நடுவில் இருக்கும் கார்பன் கொஞ்சம் நேர்மின் பக்கம், இரு முனைகளில் இருக்கும் ஆக்சிஜன்கள் எதிர்மின் பக்கம். சுவரில் மூடப்படாத ஓர் உலோக அயனி இருந்தால் ஆக்சிஜன் முனை அதை நோக்கித் திரும்பி ஒட்டிக்கொள்ளும். நைட்ரஜனுக்கு அந்த ஈர்ப்பு குறைவு. மெக்னீசியம் மாஃப்-74 இதற்குப் பேர்போனது. உலர்ந்த தூய வாயுவில், அறை வெப்பநிலையில், கிலோவுக்கு சுமார் 350 கிராம் பிடிக்கும்.

"உலர்ந்த", "தூய" என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். கட்டுரைகளில் இவை சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

கேள்வி (கே.ஆர்.புரம்): ஜியோலைட் மலிவாகக் கிடைக்கிறதே அக்கா, புதிதாக எதற்கு இது?

ஜியோலைட் என்பது அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த நுண்துளைக் கனிமம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். 1756-ல் சுவீடன் நாட்டு கனிமவியலாளர் க்ரான்ஸ்டெட் அதற்குப் பெயர் வைத்தார். நம் தக்காணப் பாறைக் குழிகளில், புனே, நாசிக் பக்கம், அழகழகான ஜியோலைட் படிகங்கள் கிடைக்கின்றன. 2021-ல் ஆக்சிஜனுக்கு அலைந்தோமே, அப்போது மருத்துவமனைகளில் வைத்த இயந்திரங்களுக்குள் இருந்ததும் ஜியோலைட்தான். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடும். தேஜஸ் விமானிகளுக்காக நம் பெங்களூரின் டெபெல் ஆய்வகம் செய்த தொழில்நுட்பமே அந்த இயந்திரங்கள் சிலவற்றுக்கு அடிப்படை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆட்கள் விடும் கரியமில வாயுவை அகற்றுவதும் ஜியோலைட்தான்.

ஆனால் விண்வெளி நிலையத்தில் காற்றை முதலில் காயவைத்துத்தான் ஜியோலைட்டுக்கு அனுப்புகிறார்கள். தண்ணீரைக் கண்டால் ஜியோலைட் கரியமில வாயுவைக் கைவிட்டுவிடும். பிறகு அந்தத் தண்ணீரை விரட்ட 200 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அனல் மின் நிலையப் புகையோ ஈரம் நிறைந்தது.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): அப்படியானால் மாஃப் மட்டும் ஈரத்தைத் தாங்குமா?

பல தாங்காது. மேலே புகழ்ந்த மெக்னீசியம் மாஃப்-74 ஈரக் காற்றில் கொஞ்ச நேரம் இருந்தால் பிடிக்கும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஜூலை மாத பெங்களூர்க் காற்றே போதும். அதனால் எனக்குப் பிடித்தது கால்ஃப்-20 என்ற இன்னொரு மாஃப். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பிறந்தது, 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. துத்தநாகம், ட்ரையசோல், ஆக்சலேட், எல்லாம் சாதாரணச் சரக்கு. ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதம் வரை தண்ணீரைப் பெரிதாகச் சேர்ப்பதில்லை. நீராவியையும் தாங்கும். பிடிக்கும் அளவில் சாதனை எதுவும் இல்லை. ஆனாலும் டன் கணக்கில் தயாராகி ஆலைக்குப் போனது இதுதான்.

கேள்வி (ராஜாஜி நகர், ஓய்வுபெற்ற கெமிக்கல் இன்ஜினியர்): அமீன் கரைசல் 1930-லிருந்தே இந்த வேலையைச் செய்கிறதே மேடம்?

செய்கிறது சார், இன்றும் சந்தையில் அதுதான் ராஜா. (மற்றவர்களுக்கு: அமீன் என்பது நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மம், அதைத் தண்ணீரில் கரைத்துப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பார்கள்.) சிக்கல், பிடித்த வாயுவைத் திரும்ப வெளியே விடும்போதுதான். அமீன் வாயுவோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. அதை அவிழ்க்க, கரைசலில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து 110, 120 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு டன் கரியமில வாயுவுக்கு மூன்றரை முதல் 4 கிகாஜூல் வெப்பம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. படிகத்தில் சுமக்க வேண்டிய தண்ணீர் இல்லை, பிடியும் தளர்வு. எனக்கு ஒரு பொருள் எவ்வளவு பிடிக்கிறது என்பதில் அவ்வளவு ஆர்வம் கிடையாது. எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு குறைந்த சூட்டில் விடுகிறது என்றே முதலில் பார்ப்பேன்.

சீக்கிரம் ஏன் முக்கியம்? 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் நாளுக்குச் சுமார் 10,000 டன் கரியமில வாயு விடுகிறது. ஒரு கிலோ படிகம் ஒரு சுற்றில் 90 கிராம் பிடித்து விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் 4,600 டன் படிகம் வேண்டும். யார் வாங்குவது? அதே சுற்றை ஒரு நிமிடத்தில் முடித்தால் 80 டன்னுக்கும் கீழே வந்துவிடும். கனடாவின் ஸ்வாந்தே நிறுவனம் படிகத்தை மெல்லிய தாள்களில் பூசிச் சுழலும் உருளையில் வைப்பது இதற்காகத்தான்.

கேள்வி (பெல்லந்தூர்): பால்கனியில் ஒரு டப்பா வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகுமா?

ஆகாது. சாலைப் புகையில் உங்கள் நெஞ்சைக் கெடுப்பது தூசியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். கரியமில வாயு வெளிக்காற்றில் வெறும் 0.04 சதவீதம். அதை அங்கிருந்து பிடிக்கவும் பொருள் உண்டு. 2024-ல் யாகி குழு வெளியிட்ட காஃப்-999 (மாஃபுக்கு உறவான, உலோகம் இல்லாத நுண்துளைப் படிகம்), 200 கிராம் இருந்தால் வருடத்துக்கு 20 கிலோ பிடிக்கும், 60 டிகிரியில் விட்டுவிடும் என்கிறார்கள். ஒரு மனிதர் மூச்சில் விடுவதே நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி (யஷ்வந்த்பூர், எம்.எஸ்சி. மாணவர்): முதல் தடவை வாயு அளவீடு செய்கிறேன். கட்டுரையில் சொன்னதில் பாதிகூட வரவில்லை அக்கா.

தம்பி, பொருளைக் குறை சொல்லாதே. துளைக்குள் கரைப்பான் மிச்சம் இருக்கும். மெத்தனாலில் பல முறை மாற்றி ஊறவை, பிறகு வெற்றிடத்தில் மெதுவாகச் சூடாக்கு. அவசரப்பட்டால் துளைகள் இடிந்துவிடும், எக்ஸ்-ரே வரைபடத்தில் சிகரங்கள் மழுங்கினால் அதுதான் அடையாளம். நைட்ரஜனை 77 கெல்வினில் அளந்து பரப்பைச் சரிபார்த்த பிறகே கரியமில வாயுவுக்குப் போ. 273, 298 கெல்வின் இரண்டிலும் எடு, அப்போதுதான் ஒட்டும் வெப்பத்தைக் கணக்கிட முடியும். அது மோலுக்கு 30 முதல் 50 கிலோஜூலுக்குள் இருந்தால் நல்லது. அப்புறம், ஒரு வளைகோட்டோடு நிறுத்தாதே. பத்து சுற்றாவது ஓட்டு, ஈர வாயுவிலும் ஓட்டு. நேர்காணலில் நான் கேட்பது அதைத்தான்.

கேள்வி (சிவாஜிநகர்): பிடித்த வாயுவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

தூத்துக்குடியில் ஒரு காரத் தொழிற்சாலை 2016-லேயே நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து வருடத்துக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பை வைத்துச் சோடா (குடிக்கும் சோடா இல்லை, சோடியம் கார்பனேட்) தயாரிக்க ஆரம்பித்தது. அங்கே இருப்பது படிகம் இல்லை, கரைசல். வியாபாரமாக அருமையான யோசனை. ஆனால் அந்தச் சோடா கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடி வெளியே வந்துவிடும். நிரந்தரமாகப் பூட்ட வேண்டுமென்றால் பாறைக்குள்தான். ஐஸ்லாந்தில் தண்ணீரில் கரைத்து பசால்ட் பாறைக்குள் இறக்கிய வாயுவில் பெரும்பகுதி இரண்டே வருடத்தில் கல்லாகிவிட்டது. நம்மிடமும் தக்காண பசால்ட் இருக்கிறது. பெங்களூருக்கு அடியில் இல்லை, பெலகாவி, விஜயபுரா பக்கம் போக வேண்டும்.