ஊர் நம்பருக்கு வரும் அழைப்பு ஏன் ஊருக்குப் போய்விட்டு வருகிறது?

தம்பி, ஸ்டுட்கார்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது, திருச்சியிலிருந்து அப்பா உங்கள் ஊர் நம்பருக்குக் கூப்பிட்டால் அவருக்குத் தனியாகக் காசு போவதில்லை, எடுத்துப் பேசுகிற உங்களுக்குத்தான் பேலன்ஸ் கரைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அறையில் கூட இருப்பவர் தன் ஜெர்மன் சிம்மிலிருந்து அதே நம்பருக்கு ஒரு நிமிடம் பேசிப் பார்த்ததில், அவருக்கு வெளிநாட்டுக் கட்டணமும் உங்களுக்கு ரோமிங் கட்டணமும் விழுந்திருக்கிறது. "இரண்டு போனும் ஒரே மேசையில் இருக்கும்போது இது என்ன கணக்கு, ஏமாற்றுகிறார்களா?" என்பது உங்கள் கேள்வி. ஏமாற்றவில்லை. அந்த அழைப்பு உண்மையாகவே இந்தியா வரை போய்த் திரும்பியிருக்கிறது.

நீங்கள் விமான நிலையத்தில் இறங்கி போனை ஆன் செய்த நிமிடத்திலிருந்து பார்ப்போம். சிம்முக்குள் உங்கள் போன் நம்பர் அல்லாத இன்னொரு எண் இருக்கிறது, ஐ.எம்.எஸ்.ஐ. என்பார்கள். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும்: இந்தியாவுக்கு 404 அல்லது 405, ஜெர்மனிக்கு 262. இங்குள்ள நெட்வொர்க் 404-ஐப் பார்த்ததும் இந்தியாவில் உங்கள் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, "உங்கள் ஆள் இங்கே வந்திருக்கிறார், சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறது. அங்கே எச்.எல்.ஆர். என்று ஒரு பதிவேடு உண்டு. நீங்கள் எந்த நாட்டில், எந்த நெட்வொர்க்கின் பொறுப்பில் இருக்கிறீர்கள் என்பது அதில்தான் எழுதப்படுகிறது. இங்குள்ள நெட்வொர்க்கும் விருந்தாளிகளுக்கென்று வி.எல்.ஆர். என்ற தற்காலிகப் பதிவேட்டில் உங்களைக் குறித்துக்கொள்கிறது.

இப்போது அப்பா கூப்பிடுகிறார். அவர் அடித்தது இந்திய நம்பர் என்பதால் அழைப்பு முதலில் உங்கள் நிறுவனத்தின் வாசலுக்குத்தான் வரும். அது எச்.எல்.ஆரைக் கேட்கிறது, எச்.எல்.ஆர். ஜெர்மன் வி.எல்.ஆரைக் கேட்கிறது. உடனே ஜெர்மன் பக்கம் தன் கையிருப்பிலிருந்து 49-இல் தொடங்கும் ஒரு எண்ணை உங்கள் பெயருக்கு இரவல் தருகிறது. இந்திய நெட்வொர்க் அந்த எண்ணுக்குச் சாதாரண வெளிநாட்டு அழைப்பு போடுகிறது. அழைப்பு இணைந்ததும் அந்த எண் அடுத்த ஆளுக்குப் போய்விடும், நீங்களோ அப்பாவோ அதைப் பார்க்கவே மாட்டீர்கள். இத்தனையும் முடிய ஓரிரு விநாடிதான்.

காசு ஏன் உங்கள் தலையில் என்பதற்கு இங்கேதான் விடை. அப்பா உள்ளூர் நம்பருக்கு அழைத்தார், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, அதனால் உள்ளூர்க் கணக்கோடு அவர் பங்கு முடிகிறது. இந்தியாவிலிருந்து ஜெர்மனி வரைக்குமான மிச்ச தூரம் ஊரைவிட்டு வந்த உங்களுடையது. அறைத்தோழர் விஷயமும் இதேதான். அவர் நெட்வொர்க்குக்குத் தெரிந்ததெல்லாம் 91 என்றால் இந்தியாவுக்கு அனுப்பு என்பது மட்டும். நீங்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பது எச்.எல்.ஆருக்குத்தான் தெரியும், எச்.எல்.ஆர். இருப்பது இந்தியாவில்.

அப்பாவுக்கும் உங்களுக்கும் முக்கியமான ஒன்று: இப்படிச் சுற்றி வரும் அழைப்பில், வழியில் ஏதாவது ஒரு நிறுவனம் அழைத்தவர் எண்ணைத் தவறவிட்டுவிடுவது உண்டு. ஊரிலிருந்து வரும் அழைப்பு 'தெரியாத எண்' என்றோ சம்பந்தமே இல்லாத ஏதோ எண்ணாகவோ காட்டும். விளம்பரம் என்று நினைத்துத் துண்டித்துவிடாதீர்கள், ராத்திரியில் வந்தால் கட்டாயம் எடுங்கள்.

அடுத்தது, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2009-இல் மியூனிக் வந்த புதிதில், நான் எடுக்காவிட்டால் மதுரையில் அண்ணன் போனுக்குப் போகும்படி ஃபார்வர்டு போட்டு வைத்திருந்தேன். ஆய்வகத்தில் போன் சத்தமில்லாமல் கிடக்கும், நான் எடுக்கமாட்டேன். ஆனால் அழைப்பு ஜெர்மனி வரை வந்து, இங்கே மணியடித்து ஓய்ந்து, அதன் பிறகுதான் மதுரைக்குத் திரும்பும். அண்ணன் எடுத்துப் பேசிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் வந்த வழிக்கு ஒரு கட்டணம், போன வழிக்கு ஒரு கட்டணம், இரண்டும் என் பில்லில். அந்த மாத பில் என் சாப்பாட்டுச் செலவைத் தாண்டியது. வாய்ஸ்மெயிலுக்கும் இதே கதிதான். போனை முறையாக அணைத்திருந்தால் விசாரிக்கும்போதே தெரிந்து, அழைப்பு இந்தியாவை விட்டுக் கிளம்பாமலே ஃபார்வர்டு ஆகும். சுரங்க ரயிலில் சிக்னல் போன போனுக்கு அப்படி இல்லை, இங்கே தேடிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே இன்றைக்கே ##002# அடித்து எல்லா ஃபார்வர்டையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டளை எச்.எல்.ஆர். வரை போய்ச் சேரும், இங்கிருந்தே செய்யலாம்.

குறுஞ்செய்திக்கு இந்தச் சுற்று கிடையாது. எச்.எல்.ஆரிடம் இடத்தை விசாரித்து நேராக இங்குள்ள நெட்வொர்க்கிடம் கொடுத்துவிடுவார்கள், குரலுக்குத் தேவைப்படும் பாதை தேவையில்லை. ரோமிங்கில் உள்வரும் செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லாததும், வங்கி ஓடிபி வந்து சேருவதும் இதனால்தான். ஆனால் அந்தப் பதிவேட்டிடம் பொய் சொல்லவும் முடியும். 2017 ஜனவரியில், இதே ஜெர்மனியில், வங்கிக் கடவுச்சொற்களை முன்பே திருடி வைத்திருந்த கும்பல், "இந்த வாடிக்கையாளர் இப்போது எங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறார்" என்று செய்தி அனுப்பி ஓடிபிகளைத் தங்கள் பக்கம் திருப்பிப் பணத்தை எடுத்தது. வங்கி செயலி வழியாக ஒப்புதல் தரும் வசதி இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

கூப்பிடும்போது 4ஜி குறி மறைந்து 2ஜிக்கு இறங்குகிறது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இங்கே 2021-இல் 3ஜியை மூடிவிட்டார்கள். உங்கள் நிறுவனத்துக்கும் இங்குள்ள நிறுவனத்துக்கும் 4ஜி வழியே குரல் அனுப்பும் ஒப்பந்தம் இல்லையென்றால் போன் 2ஜிக்கு இறங்கித்தான் அழைப்பை வாங்கும். ஒப்பந்தம் இருந்தால் இரவல் எண் தேவைப்படாது, குரல் டேட்டாவாக வரும். அப்போதும் முதல் நிறுத்தம் இந்தியாதான்.

நான் சொல்வது இதுதான்: ஊர் சிம்மை ஓடிபிக்கும் அவசரத்துக்கும் மட்டும் வையுங்கள், 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நம்பர் கைவிட்டுப் போகலாம் என்பதால் ரீசார்ஜை மறக்காதீர்கள். டேட்டா ரோமிங் அணைந்தே இருக்கட்டும். அன்றாடப் பேச்சுக்கு அப்பாவை வாட்ஸ்அப்புக்குப் பழக்குங்கள். நெட் இல்லாத நேரத்தில் அவர் தயங்காமல் பழைய நம்பருக்கே அடிக்கட்டும், காசு உங்களுக்குப் போகிறது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கூப்பிடவே மாட்டார்.