ஜிபி அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல "ஜிபி சர்ஜரியில என்ன கஷ்டப்படுறீங்க, எழுதுங்க"ன்னு கேட்டிருந்தோம், அவ்ளோ கடிதம் வந்திருக்கு. கிழக்கு லண்டன்ல ஒரு சர்ஜரி ரிசப்ஷன்ல 11 வருஷம் வேலை பார்த்தவ நான், அதனால கவுன்ட்டருக்கு உள்பக்கம் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சத அப்படியே சொல்றேன். ஊர்லேர்ந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, இங்க சர்ஜரின்னா ஆபரேஷன் இல்ல, நம்ம ஏரியா டாக்டரோட கிளினிக், அந்தப் பொது டாக்டரத்தான் ஜிபின்னு சொல்றது. எங்கம்மா முதல் தடவை வந்தப்போ "நாளைக்கு சர்ஜரிக்குப் போகணும்மா"ன்னு நான் சொன்னதக் கேட்டுட்டு ராத்திரி முழுக்கத் தூங்கல பாவம். இன்னொன்னு, கீழ சொல்றதெல்லாம் இங்கிலாந்து விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல இருக்கிறவங்களுக்கு கொஞ்சம் மாறும்.

காலைல சரியா 8 மணிக்கு போன் போட்டாலும் க்யூல முப்பத்திச் சொச்சமாவது ஆள்னு சொல்லுது. லைன் கிடைக்கும்போது 8.40. "இன்னிக்கு முடிஞ்சிருச்சு, நாளைக்கு 8 மணிக்குக் கூப்பிடுங்க"ன்னு வச்சிடுறாங்க. மூணு நாளா இதே கதை. ரெண்டு மாசமா முட்டி வலி, மாடி ஏற முடியல. — ஈஸ்ட் ஹாம் வாசகர்

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், முட்டி வலிக்கு நீங்க அந்த 8 மணி க்யூல நிக்கவே வேணாம். அது அன்னிக்கே பார்த்தாகணும்னு இருக்கிறவங்களுக்கான நேரம், காய்ச்சல்ல துவண்டு கிடக்கிற குழந்தை, மூச்சு வாங்குற பெரியவர் இந்த மாதிரி. 2025 அக்டோபர் 1லேர்ந்து இங்கிலாந்துல எல்லா ஜிபி சர்ஜரியும் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் காலை 8லேர்ந்து சாயங்காலம் 6.30 வரை அப்பாயின்ட்மென்ட் கேக்குற ஆன்லைன் ஃபார்ம திறந்து வச்சிருக்கணும்னு விதி, முன்னாடி மாதிரி 9 மணிக்கே மூடிட்டு போற வேலை இருக்கக்கூடாது. மதியம் சாப்பிட்டு முடிச்சு உக்காந்து என்எச்எஸ் (அதாவது இங்க அரசு மருத்துவ சேவை) ஆப்லயோ சர்ஜரி வெப்சைட்லயோ நிரப்புங்க. நெட் பழக்கம் இல்லன்னா நேர்ல கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டாலும் அதே மரியாதை கிடைக்கணும், போன், ஆன்லைன், நேர்ல மூணும் ஒன்னுதான்.

அப்புறம் அந்த "நாளைக்குக் கூப்பிடுங்க". 2023லேயே ஜிபி ஒப்பந்தத்துல இத மாத்தியாச்சு. நீங்க ஒரு தடவை தொடர்பு கொண்டா அப்பவே உங்க பிரச்சினைய எடுத்துக்கிட்டு என்ன செய்யணும்னு முடிவு பண்ணணும், இல்ல சரியான இடத்துக்கு அனுப்பணும், திரும்ப போன் பண்ணச் சொல்லி விட்டுடக்கூடாது. இத சண்டையா சொல்லாதீங்க. "நாளைக்கு மறுபடி க்யூல நிக்க முடியலங்க, என் ரிக்வெஸ்ட்ட இப்பவே எழுதிக்கிறீங்களா, டாக்டர் பார்த்துட்டு எப்போ வரணும்னு மெசேஜ் அனுப்பினா போதும்"னு சொல்லுங்க. இப்படிக் கேட்டவங்கள நான் திருப்பி அனுப்பினதில்ல, ஏன்னா அப்படி அனுப்ப எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்ல.

ஃபார்ம்ல என்ன எழுதுறீங்கங்கிறதுதான் எல்லாமே. உள்ள ஒரு டாக்டரோ பயிற்சி எடுத்த ஸ்டாஃபோ உங்க வரிகள மட்டும் படிச்சுட்டு இன்னிக்கா, அடுத்த வாரமா, யார்கிட்டன்னு பிரிக்கிறாங்க, உங்க முகத்த அவங்க பாக்கல. நம்மாளுங்க என்ன எழுதுவாங்க தெரியுமா, "முட்டி வலி, டாக்டர பாக்கணும்". அவ்ளோதான். இத வச்சு யாரு என்ன முடிவு பண்ண முடியும்? இப்படி எழுதுங்க: "வலது முட்டி, ரெண்டு மாசமா, கீழ விழல, காலைல அரை மணி நேரம் மடக்க முடியல, மாடிப்படி ஏற முடியல, ஐபுப்ரோஃபென் போட்டும் குறையல, வேலைல 8 மணி நேரம் நிக்கணும்." நிறைய சர்ஜரில இப்போ பிசியோதெரபிஸ்ட்டே நேரடியா பாக்குறாங்க, டாக்டர் வழியா போக வேண்டியதில்ல. முட்டி, தோள், இடுப்புக்கு அவங்கள கேட்டு வாங்குங்க, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுங்கிறது வெறும் 10 நிமிஷம் கணக்கு, அதுல பிசியோ பாக்குற அளவுக்கு முட்டிய யாரும் பாக்க மாட்டாங்க.

ரிசப்ஷனில இருக்கிற பிள்ளை "என்ன பிரச்சினை" எண்டு கேக்குது. பின்னால பத்துப் பேர் நிக்கினம், எப்பிடிச் சொல்லுறது? டொக்டருக்குத்தானே சொல்லவேணும்? — ஹாரோ வாசகி

அக்கா, உங்க கூச்சம் எனக்கு நல்லாப் புரியுது, அந்தக் கேள்விய ஆயிரம் தடவை கேட்டவ நான்தான். வம்புக்குக் கேக்கல. ரிசப்ஷன்ல இருக்கிறவங்களுக்கும் டாக்டருக்கு இருக்கிற அதே ரகசியக் காப்பு கட்டாயம் உண்டு, வெளிய சொன்னா வேலை போயிடும். கேக்குறது யார்கிட்ட அனுப்புறது, எவ்ளோ சீக்கிரம்னு தெரிஞ்சுக்கத்தான்.

ஆனா பத்துப் பேர் முன்னாடி சொல்லணும்னு அவசியமில்ல. "தனியா பேசணும்"னு சொன்னா ஓரமா கூட்டிட்டுப் போகணும். ஒரு துண்டுத்தாள்ல எழுதி நீட்டுங்க, நானே அப்படி எத்தனையோ வாங்கியிருக்கேன். இல்ல ஆன்லைன் ஃபார்ம்ல எழுதுங்க. லேடி டாக்டர்தான் வேணும்னும் கேக்கலாம், பரிசோதனை பண்ணும்போது கூட ஒரு பெண் ஸ்டாஃப் நிக்கணும்னும் கேக்கலாம்.

கூச்சத்துல மறைக்க மட்டும் மறைக்காதீங்க. "ஒன்னுமில்லம்மா, கொஞ்சம் களைப்பு"ன்னு சொல்லிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வர்ற அப்பாயின்ட்மென்ட்ட வாங்கிட்டுப் போவாங்க, உள்ள போய் டாக்டர்கிட்ட சொல்றது மாதவிடாய் நின்னு பல வருஷத்துக்கப்புறம் ரத்தம் படுதுன்னு. இப்படி ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. அது புற்றுநோய் இல்லன்னு உறுதி பண்ண அவசரமா ஸ்பெஷலிஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டிய விஷயம், வெளிய ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ரெண்டு வாரம் மிச்சம். இத நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல. நெஞ்சு வலி, வாய் கோணுறது, கை விழுந்து போறது இதுக்கெல்லாம் சர்ஜரியே வேணாம், நேரா 999க்கு போன் போட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. நான் வேலைல இருக்கும்போது என் 12 வயசுப் பொண்ணுதான் கூடப் போய் டாக்டர் சொல்றத அம்மாவுக்குச் சொல்றா. பரவால்லதானே? — க்ராய்டன் வாசகி

பரவால்லன்னு என்னால சொல்ல முடியலம்மா. பாட்டிக்கு மூலம்னோ, கட்டி இருக்குன்னோ அந்தக் குழந்தை வாயால சொல்ல வைக்கிறது அவளுக்கும் பாரம், பாட்டியும் பேத்தி முன்னாடி பாதிய முழுங்கிடுவாங்க. குழந்தைங்கள மொழிபெயர்க்க வைக்கக்கூடாதுன்னுதான் என்எச்எஸ் வழிகாட்டுதலும். இன்டர்ப்ரெட்டர் இலவசம், சர்ஜரிதான் ஏற்பாடு பண்ணணும், ஆனா நீங்க கேக்கணும். புக் பண்ணும்போதே "தமிழ் இன்டர்ப்ரெட்டரும் டபுள் அப்பாயின்ட்மென்ட்டும் வேணும்"னு சொல்லுங்க, ரெண்டு மொழியில பேச 10 நிமிஷம் பத்தவே பத்தாது. அம்மாவோட ரெக்கார்டுலயும் தமிழ்னு பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க, அடுத்த தடவை ரெக்கார்ட திறந்த உடனே தெரியும்.

பெரும்பாலும் போன்லதான் இன்டர்ப்ரெட்டர் வருவாங்க, அவங்க யாழ்ப்பாணமாவும் இருக்கலாம் மதுரையாவும் இருக்கலாம். இதுல ஒரு சிக்கல் இருக்கு. இலங்கைல "எனக்கு வருத்தம்"னா உடம்பு சரியில்ல, தமிழ்நாட்டுல அது மனக்கவலை. அங்க "சத்தி"ன்னா வாந்தி, "தடிமன்"னா சளி பிடிச்சிருக்கு. தமிழ்நாட்டு இன்டர்ப்ரெட்டர்கிட்ட ஒரு இலங்கை அம்மா "ஒரு மாசமா வருத்தம்"னு சொன்னா டாக்டர் மன அழுத்தத்துக்கு கேள்வி கேட்டுட்டு உக்காந்திருப்பார். அதனால எடுத்த உடனே எந்த ஊர்க்காரங்கன்னு சொல்லிக்கச் சொல்லுங்க, உடம்புல எங்க, எப்படி, எத்தனை நாளான்னு சொல்லச் சொல்லுங்க.

நீங்க வேலைலேர்ந்தே அம்மாவுக்கு புக் பண்ணணும்னா ப்ராக்ஸி ஆக்சஸ்னு கேளுங்க. அம்மா சம்மதிச்சு ஒரு ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா போதும், அவங்க அப்பாயின்ட்மென்ட், மாத்திரை ரிப்பீட் எல்லாம் உங்க போன்லேர்ந்தே பாக்கலாம்.

மாமனார் மாமியார் விசிட்டர் விசால 5 மாசத்துக்கு வந்திருக்காங்க. மாமாவுக்கு சுகர். அட்ரஸ் ப்ரூஃப் இல்லாம பதிய முடியாதுன்னு சர்ஜரில சொல்லிட்டாங்க. — மில்டன் கீன்ஸ் வாசகர்

அது தப்பு. ஜிபில பதியறதுக்கு அட்ரஸ் ப்ரூஃபோ, ஐடியோ, விசா நிலைமையோ கட்டாயமில்லன்னு என்எச்எஸ்ஸே சொல்லுது, ஜிபி பாக்குறது விசிட்டருக்கும் இலவசம்தான். 3 மாசத்துக்குள்ளன்னா தற்காலிகமா பதிவாங்க, உங்க மாமாவுக்கு 5 மாசம்ங்கிறதால மத்தவங்க மாதிரியே பதியலாம். ஏரியாவுக்கு வெளிய இருக்கீங்க, புது ஆள் எடுக்கல, இந்த மாதிரி நியாயமான காரணம் இருந்தா மறுக்கலாம், ஆனா அந்தக் காரணத்த 14 நாளுக்குள்ள எழுத்துல தரணும். "அப்ப எழுதிக் குடுங்க"ன்னு பணிவா கேளுங்க, முக்காவாசிப் பேர் அந்த இடத்துலயே ஃபார்ம எடுத்து நீட்டிடுவாங்க.

ஆஸ்பத்திரி வேற கணக்கு, அத மறந்துடாதீங்க. ஏ அண்ட் இ, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு வரைக்கும் இலவசம், அட்மிட் பண்ணிட்டா விசிட்டர்கிட்ட என்எச்எஸ் செலவுல 150 சதவீதம் பில் போடுவாங்க, அதனால இன்சூரன்ஸ் இல்லாம கூட்டிட்டு வராதீங்க. சுகர் மாத்திரை அட்டைய அப்படியே எடுத்துட்டுப் போங்க, நம்ம ஊர்ல ஒரே மாத்திரைல ரெண்டு மூணு மருந்து சேர்ந்திருக்கும், பிராண்ட் பேர் சொன்னா இங்க யாருக்கும் புரியாது, பின்னாடி சின்ன எழுத்துல இருக்கிற மருந்துப் பேரும் மில்லிகிராமும்தான் வேணும்.

நேத்து அப்பாயின்ட்மென்ட்ட சுத்தமா மறந்துட்டேன். ஃபைன் வருமா? — இல்ஃபோர்டு வாசகர்

வராது. என்எச்எஸ் ஜிபி அதுக்குக் காசு கேக்கக்கூடாது. அடிக்கடி நடந்தா எச்சரிக்கைக் கடிதம் வரும், அதுக்கப்புறமும் தொடர்ந்தா லிஸ்ட்லேர்ந்து எடுக்கலாம். வர முடியலன்னா முந்தின நாளாவது ஆப்ல கேன்சல் பண்ணுங்க, அந்த இடத்துக்கு எத்தனை பேர் லைன்ல தொங்கிட்டு இருந்தாங்கன்னு நான் கண்ணால பார்த்திருக்கேன்.

வயசு 52. நாலு மாசமா வயிறு உப்பிட்டே இருக்கு, ரெண்டு வாய் சாப்பிட்டா நிறைஞ்சுடுது, எடையும் குறையுது. மூணு தடவை போயிட்டேன், ஒவ்வொரு தடவையும் வேற டாக்டர், கேஸ்னு சொல்லி மாத்திரை தந்து அனுப்புறாங்க. தொந்தரவு பண்றோமோன்னு இருக்கு. — லெஸ்டர் வாசகி

வந்ததுலயே இந்தக் கடிதத்த நாலஞ்சு தடவை படிச்சேன். நீங்க யாரையும் தொந்தரவு பண்ணலம்மா. ஜெஸ்ஸிகா பிரேடின்னு ஒரு பொண்ணு, 27 வயசு, உடம்பு முடியலன்னு 20 தடவைக்கு மேல ஜிபி சர்ஜரிய தொடர்பு கொண்டும் புற்றுநோய்னு கண்டுபிடிக்கல, 2020 டிசம்பர்ல இறந்துட்டா. அவ அப்பா அம்மா விடாம போராடி 2025 செப்டம்பர்ல இங்கிலாந்துல "ஜெஸ் விதி" வந்துச்சு. ஒரே பிரச்சினையோட மூணு தடவை வந்தும் நோய் என்னன்னு தெரியலன்னா, இல்ல நிலைமை மோசமாயிட்டுப் போனா, டாக்டர் நின்னு முதல்லேர்ந்து யோசிக்கணும், நேர்ல பரிசோதிக்கணும், டெஸ்ட்டோ, இன்னொரு டாக்டரோட கருத்தோ, ஸ்பெஷலிஸ்ட்டோன்னு பாக்கணும்.

உங்களுக்கு இப்போ மூணு ஆயிருச்சு. நாளைக்கு ஃபார்ம்ல முதல் வரியே இப்படி எழுதுங்க: "இதே பிரச்சினைக்கு இது நாலாவது தடவை, ஜெஸ் விதிப்படி மறுபடி பாக்கணும்னு கேக்கிறேன்." கீழ முன்னாடி போன தேதி மூணும், எத்தனை கிலோ குறைஞ்சிருக்குன்னும். 50 தாண்டின பெண்ணுக்கு வயித்து உப்பசம் அடிக்கடி வந்தா சிஏ125ங்கிற ரத்தப் பரிசோதனை பண்ணணும்னு டாக்டர்களுக்கே வழிகாட்டுதல் இருக்கு, சூலகப் புற்றுநோய் இருக்கான்னு பாக்குறதுக்கு. அத பேர் சொல்லியே கேளுங்க. பெரும்பாலானவங்களுக்கு அது வேற ஏதாவதாத்தான் இருக்கும், ஆனா பார்த்துட்டு இல்லன்னு சொல்லணும், பாக்காம சொல்லக்கூடாது. மூணு பேர்ல யார் கொஞ்சம் காது குடுத்துக் கேட்டாங்களோ அவங்க பேரையே போட்டு அவங்கதான் வேணும்னு கேளுங்க, கிளம்பும்போது "எத்தனை நாள்ல சரியாகலன்னா திரும்ப வரணும்"னு தேதி வாங்கிட்டு வாங்க. அப்பவும் அசைஞ்சு குடுக்கலன்னா ப்ராக்டிஸ் மேனேஜருக்கு எழுத்துல புகார்.

ரத்தம் எடுத்தாச்சுன்னா எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கம்மா.